யாருக்கு இந்த 'அப்பட்டமாக'?

ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'எங்கள் ஊரில் நான் கண்ட நிகழ்ச்சி' என்பது நாம் கொடுத்த தலைப்பு. கீழவைப்பார்க் கடற்கரையிலே பிறந்து, உப்புக்காற்றிலே வளர்ந்த பிள்ளைகள் வேறு எதை எழுதுவர்? கடலைப் பற்றியே பெரும்பாலோர் எழுதியிருந்தனர். அவற்றுள் இரண்டு ஏடுகள் நம் சிவப்பு மையை ஓடவிடாமல் நிறுத்திவிட்டன.

முதல் ஏட்டிலே ஒரு திருட்டு. கரையில் காய்ந்துகொண்டிருந்த வலை ஒன்றை வெளியூரான் ஒருவன் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினான், பிடிபட்டான், அடிபட்டான். மாணவன் எழுதுகிறான்: "பட்டப்பகலில், துணிகரமாக, சிறிதும் வெட்கமின்றி அவன் வலையைத் திருடினான்." ஒரு திருட்டுக்கு மூன்று அடைகள்!

இரண்டாம் ஏட்டிலே ஒரு விசைப்படகு. கரையை ஒட்டி வந்து மடியை இழுத்தது. வள்ளக்காரர் விரித்திருந்த வலைகள் பத்துக்குமேல் போயின. அதுவும் பகல்தான், கரையிலே நின்றோர் அனைவரும் கண்ணால் கண்ட பகல்தான். ஆனால் மாணவன் எழுதியது இவ்வளவே: "அன்று வலைகள் அறுபட்டன."

ஒரு வலை போனதற்கு மூன்று வினையடைகள். பத்து வலை போனதற்கு ஒன்றுகூட இல்லை. அடைதான் இல்லை, அறுத்தவனாவது உண்டா? அவனும் இல்லை. வலைகள் தாமாகவே அறுந்து, தாமாகவே கடலில் மிதந்தன போலும்!

அழைத்துக் கேட்டோம். "எப்பவும் நடக்குறதுதானே சார்" என்றான் பையன். வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்று கூறி, இரண்டு மதிப்பெண் குறைத்து அனுப்பினோம். குறைத்த பிறகுதான் நமக்கே உறைத்தது: பையனுக்கு இந்த நடையைக் கற்பித்தவர் யார்? பாடநூலும், நாளேடும், மேடையும், ஏன், ஆசிரியராகிய நாமும் அன்றோ!

தமிழிலே மறைவின்றிச் செய்யப்படும் தீமையைச் சுட்டும் வினையடைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டப்பகலில், பகிரங்கமாக, அப்பட்டமாக, வெட்கமின்றி, கூசாமல், துணிகரமாக, கண்மூடித்தனமாக என்று வரிசை நீளும். எல்லாம் ஒரே பொருள் தருவன என்று எண்ணியே எழுதுகிறோம். சொல்லைச் சற்று உரைத்துப் பார்த்தால் உண்மை வேறாகத் தெரியும்.

'பட்டப்பகலில்' என்பது காலத்தைச் சொல்கிறது. கண்டவர் இருந்தனர் என்பதற்குச் சான்று ஆகிறது. 'பகிரங்கமாக' என்பது இடத்தைச் சொல்கிறது. பலர் முன்னிலையில் என்பது அதன் பொருள். நல்லதற்கும் அது வரும். அரசின் அறிவிப்பிலே 'பகிரங்க ஏலம்' என்று நாணயத்தின் அடையாளமாகவே நிற்கும். 'அப்பட்டம்' என்பது கலப்பில்லாத பண்டத்தைக் குறித்த சொல். அப்பட்டமான பொய் என்றால், உண்மை என்பது மருந்துக்கும் கலவாத பொய். 'வெட்கமின்றி' என்பது செயலை விட்டுச் செய்தவனின் நெஞ்சுக்குள்ளே நுழைகிறது. இந்த நான்கும் நான்கு வேறு குற்றச்சாட்டுகள். நான்குக்கும் நான்கு வேறு சான்றுகள் வேண்டும்.

'துணிகரமாக' என்பதைப் பாருங்கள். துணிவு நம் நாட்டார் போற்றும் பண்பு. பூட்டிய வீட்டை உடைத்தவனுக்கு நாளேடு அந்தப் பண்பை வாரி வழங்குகிறது. திட்டுவதாக எண்ணிக்கொண்டு திருடனுக்கு வீரப் பட்டம் சூட்டுகிறோம்!

'கண்மூடித்தனமாக' என்பது இன்னும் கேடு விளைப்பது. அரசின் துப்பாக்கி மக்கள்மீது திரும்பும்போதெல்லாம் நாம் எடுத்தாளும் சொல் இதுவே. கண்டிக்கும் சொல் என்றுதான் எண்ணுகிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சுட்டவன் இன்னாரைச் சுட வேண்டும் என்று சுட்டவன் அல்லனே! குறிபார்த்துச் சுட்டவனுக்கும் நாம் இந்தச் சொல்லைத் தந்தால், அவனுடைய வழக்கறிஞர் வாதாட வேண்டியதை நாமே வாதாடிக் கொடுத்தவர் ஆகிறோம்.

நம் மாவட்டத் தலைநகரிலேயே நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாள். தூத்துக்குடியில் மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். காவல்துறை சுட்டது. குண்டுகளுக்கு 13 பேர் பலியாயினர். அது பட்டப்பகல், பகிரங்கமான இடம், படக்கருவிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆயினும் செய்தியில் அன்று பெருவாரியாக ஓடிய தொடர் எது? 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது' என்பதே. அன்றைய அரசு தந்த விளக்கமோ, தவிர்க்கவியலாத சூழலில் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்பது. இங்கும் ஒரு வினையடை இருக்கத்தான் இருக்கிறது. 'தவிர்க்கவியலாமல்' என்பது அதன் பெயர். வலை திருடிய வெளியூரானுக்கு அந்த அடையை எவரேனும் வழங்கியதுண்டா? அவன் வீட்டிலே பசி இருந்திருக்கலாம். அவனுக்கும் அது தவிர்க்கவியலாததாகத் தோன்றியிருக்கலாம். கேட்டோமா?

பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறை வரம்பு மீறியதென்றும், மறைவிடங்களில் நின்று, கலைந்து ஓடியோரையும் சுட்டதென்றும் அது கண்டது. 17 காவல்துறையினர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. எங்கே நின்று சுட்டனர், யாரைச் சுட்டனர் என்று அந்த அறிக்கை சொன்னபோது, தவிர்க்கவியலாமை என்னும் திரை கிழிந்தது. கண்மூடித்தனம் என்னும் நம் கண்டனமும் உடன் கிழிந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சுட்டோர் கண் திறந்தே இருந்தது.

ஈராண்டு சென்று, 2020 சூன் திங்களில், அதே மாவட்டத்துச் சாத்தான்குளத்திலே ஒரு தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டு உயிரிழந்தனர். ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது அவர்கள்மேல் சாற்றப்பட்ட குற்றம். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை என்ன எழுதிற்று? அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் அடைந்தனர் என்று! இலக்கணம் படித்தோர் இந்த வாக்கியத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். அடித்தவன் மறைந்ததோடு நில்லாமல், அடிபட்டவனே எழுவாயாகிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோறு இங்கே இலக்கணம். பின்னர் அவ்வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்று, காவலர்கள்மீதே கொலைக் குற்றச்சாட்டு எழுந்தது. முதல் வாக்கியத்தை நம்பி அமைந்திருந்தால் அது எழுந்திருக்குமா?

நம் முன்னோர் இந்த வித்தைக்கு முன்னமே வேலி கட்டியிருக்கின்றனர். செய்தவன் யார், எதைக்கொண்டு, எங்கே, எப்போது, எதை, என்ன செய்தான் என்னும் ஆறையும் காட்டுவது வினை என்கிறது பவணந்தியார் செய்த நன்னூல். பள்ளியிலே இதை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போடுகிறோம். ஆனால் இதற்குள்ளே ஒரு நீதிமன்றமே அடங்கியிருப்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா? ஆறு கேள்விக்கும் விடை கிடைத்த பின்னர் வரும் 'அப்பட்டமாக' தீர்ப்பு. ஆறுக்கும் விடை இல்லாமல் வரும் 'அப்பட்டமாக' வெறும் தாரை, தப்பட்டை. ஒலி உண்டு, ஊர்வலம் போகும், வழக்கு நில்லாது.

இனி, அடை இல்லாமலே வாழும் அக்கிரமம் ஒன்று உண்டு. அதன் பெயர் வழக்கம்.

இக்கரையின் முத்துக்குளிப்பைப் பெருமையாகப் பேசுகிறோம். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. பேச்சு மட்டும் இன்னும் ஒளிர்கிறது. 1900-களின் தொடக்கத்தில் எதிர்க்கரையாகிய இலங்கையின் மரிச்சுக்கட்டியில் பெருஞ்சலாபங்கள் நடந்தன. இக்கரைக் குளியாளிகளும் அங்கே சென்றனர். கல்லைக் காலில் பிணைத்து, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்தில் இறங்கி அவர்கள் அள்ளிவந்த சிப்பி, கரையிலே மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு குவியல் அரசுக்கு. ஒரு குவியல் குளித்தவனுக்கும், அவனுக்குக் கயிறு பிடித்தவனுக்கும். ஒளித்துச் செய்தார்களா? இல்லை. பட்டப்பகலில், பல்லாயிரவர் பார்க்க, எண்ணிச் செய்தார்கள். பகற்கொள்ளை என்னும் சொல் தமிழில் இருக்கிறது. அந்தக் குவியல்களின் பக்கம் அது போகவே இல்லை. 'வழக்கப்படி' என்னும் அடை அங்கே காவல் நின்றது.

தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையை எவன் ஒளித்து வைத்தான்? தெருவில் போவோர் கண்ணில் படும்படி ஆணியிலே மாட்டி வைத்தான். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய பொதுச் சாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கலாகாது என்னும் தடையைக் காரிருளிலா செயற்படுத்தினார்கள்? 1924-ல் அங்கே கிளர்ச்சி தொடங்கும்வரை அது முறை, அது மரபு, அது ஒழுங்கு. கிளர்ச்சி தொடங்கிய பின்னரே அது அநீதி. சாலை மாறவில்லை, கோயில் மாறவில்லை. 'வழக்கப்படி' என்றிருந்த இடத்தில் 'அக்கிரமமாக' என்று சொல்ல ஆட்கள் முன்வந்தனர்; அதுதான் மாறிற்று. சீர்திருத்தம் என்பதன் முதற்படி ஒரு வினையடையை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதுதான் என்றுகூட நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே இந்தச் சொற்களே வேண்டா என்று கூறுவோர் கட்சியில் நாம் இல்லை. சினமே இல்லாத தமிழ் செத்த தமிழ். வினையடைகளை நீக்கிவிட்டு வெறும் தகவலை அடுக்கினால் போதும் என்று சில நண்பர்கள் கூறுவர். அங்ஙனம் எழுதினால் கொலையும் கோழிவிலையும் ஒரே குரலில் ஒலிக்கும். நம் குறை வேறு. இச்சொற்களை ஆளைப் பார்த்து வழங்குகிறோம், செயலைப் பார்த்து வழங்குவதில்லை. எளியவனுக்கு மூன்று, வலியவனுக்குச் சுழி என்பது நம் கணக்கு. வலியவனுக்கு வழங்கும் அரிதான வேளையிலும், அவன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்திலே அடையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

இது பிறர்மேல் மட்டும் எறியும் கல் அன்று. சென்ற ஆண்டு இவ்வூர் வள்ளக்காரர் சிலர், விசைப்படகுத் தொல்லை பற்றி ஒரு மனு எழுதித் தரும்படி நம்மிடம் வந்தனர். படித்த பிள்ளை, தமிழாசிரியர் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டிலே 1983-ல் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை மீறி இழுக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. நாமும் இரவெல்லாம் விழித்து எழுதினோம். 'அப்பட்டமாக' வந்தது, 'ஈவிரக்கமின்றி' வந்தது, 'சட்டத்தைக் காலில் போட்டு மிதித்து' வந்தது. உரக்கப் படித்துக் காட்டியபோது இளைஞர் கைதட்டினர். மூலையில் வலைக்கண்ணி முடிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் மட்டும் தலை நிமிர்த்திக் கேட்டார்: "ஏச்சு நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. எந்தப் போட்டு, என்ன நம்பரு, எத்தன மணிக்கு, எத்தன பாகத்துல இழுத்தான், யாரு யாரு வல போச்சு? அத ஒண்ணையும் காணமே?"

நாம் நாணித் தலை குனிந்தோம். நன்னூலின் ஆறு கேள்விகளையும் நன்னூல் படியாத அந்தப் பெரியவர் கேட்டுவிட்டார்! திருத்தி எழுத முயன்றோம். எவரும் எண்ணைக் குறித்து வைக்கவில்லை. எவரும் மணியைப் பார்க்கவில்லை. பழைய மனுவே சென்றது. பதில் வரவில்லை. அலுவலகத்தைத் திட்டிப் பயன் என்ன? விசாரிப்பதற்கு அந்தத் தாளிலே நம் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லையே!

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நினைத்துப் பார்க்கிறோம். கணவனை இழந்து வந்து நின்ற கண்ணகியைவிடச் சினக்க உரிமை உடையவர் யார்? அவள் அரசவையில் அடைமொழிகளை அடுக்கி ஆர்ப்பரித்தாளா? ஆராயாதவன் என்று அரசனைச் சுட்டும் ஒரு கடுஞ்சொல். அச்சொல்லும் வசை அன்று, அதுவே குற்றச்சாட்டு. பின்னர் தன் ஊரைச் சொன்னாள். கணவன் பெயரைச் சொன்னாள். சிலம்பு விற்க வந்து உன்னால் கொலையுண்டான் என்று செய்தவனை அவன் முகத்துக்கு நேரே சுட்டினாள். அதன்பின் ஒரே ஒரு சான்று. தேவியின் சிலம்பினுள்ளே முத்து. இவள் சிலம்பினுள்ளே மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. முத்து என்று அரசன் வாயால் சொல்லப்பட்டதே, பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் கடல் தந்த பொருளே அன்று சான்றாயிற்று. இன்று நம் கடற்கரையிலே சான்று இல்லாத சினம் மலிந்து கிடக்கிறது.

வெளிநாட்டிலும் ஒரு காட்சி உண்டு. டிரைபசு என்னும் யூதப் படைத்தலைவன் செய்யாத குற்றத்துக்குத் தீவாந்தரம் அனுப்பப்பட்டான். 1898 சனவரி 13-இல் பாரிசு நகர் நாளேட்டிலே எமிலி ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய திறந்த மடல் வெளிவந்தது. அதன் ஆற்றல் எங்கே இருந்தது? படைத்துறை வெட்கமின்றி நடந்தது என்று பொதுவிலே பொருமியதிலா? இல்லை. இன்ன தளபதி இன்னது செய்தார், இன்ன அதிகாரி இன்னதை மறைத்தார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியதிலே இருந்தது. அவதூறு வழக்கு வரும் என்று அறிந்தே எழுதினார். வந்தது, தண்டனையும் வந்தது, நாட்டை விட்டு இங்கிலாந்துக்கு ஓட நேர்ந்தது. 1906-ல் டிரைபசு குற்றமற்றவன் என்று தீர்ப்பாயிற்று.

இங்கேதான் நாம் தேடிய காரணம் வெளிப்படுகிறது. அடைமொழிக்கு விலை இல்லை. பெயருக்கு விலை உண்டு. 'அப்பட்டமாக' என்று எழுதியதற்காக எவரும் நம்மைத் தேடி வரமாட்டார். இன்னார் என்று எழுதினால் வருவார். ஆதலால் பெயரிலே செலுத்த வேண்டிய துணிவை அடையிலே செலுத்திவிட்டு, வீரம் பேசியதாக வீடு திரும்புகிறோம். திருடனுக்கு நாம் தாராளமாக வழங்கும் அடைகளின் கமுக்கமும் இதுவே. திருடன் திருப்பி வழக்குப் போடமாட்டான்.

அந்த இரண்டாம் ஏட்டுப் பையனை மீண்டும் ஒருநாள் கடற்கரையிலே கண்டோம். 'வலைகள் அறுபட்டன' என்று ஏனப்பா எழுதினாய், அறுத்தவனை ஏன் விட்டாய் என்று மெல்லக் கேட்டோம். வகுப்பிலே சொல்லாததை அங்கே சொன்னான்: "அந்தப் போட்டுலதான் சார் எங்க சித்தப்பா வேலைக்குப் போறாங்க."

நாம் அவனுக்குக் குறைத்த இரண்டு மதிப்பெண் நம்மை வந்து உறுத்திற்று. எழுவாய் தெரியாமல் அவன் விடவில்லை. தெரிந்தே விட்டான். அந்த வாக்கியத்திலே ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பதினான்கு வயதுச் சிறுவனிடம் ஜோலாவின் நெஞ்சுரத்தைக் கேட்க நமக்கு என்ன உரிமை? சம்பளம் வாங்குகிற நாம், பட்டம் பெற்ற நாம், மேடையும் ஏடும் கையிலே வைத்திருக்கிற நாமே அந்த இடத்தை அடைகளால் நிரப்பிக்கொண்டிருக்கும்போது?

மறுநாள் அவன் ஏட்டை வாங்கி, குறைத்ததைக் கூட்டிப் போட்டோம். வாக்கியத்தை மாற்றச் சொல்லவில்லை. முதல் ஏட்டுக்காரனைத்தான் அழைத்து, மூன்று அடைகளுள் சான்று உள்ளதை மட்டும் வைத்துக்கொள் என்றோம். நெடுநேரம் எண்ணிவிட்டுப் 'பட்டப்பகலில்' என்பதை மட்டும் நிறுத்திக்கொண்டான். "அவன் வெட்கப்பட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார்" என்றான். அதனினும் நல்ல திறனாய்வை அண்மையில் நாம் படித்ததில்லை.

இக்கட்டுரையிலும் அந்த விசைப்படகின் எண் இல்லையே என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும். அன்று எவரும் குறித்து வைக்கவில்லை. குறித்து வையாத எண்ணை இன்று கற்பனையாக எழுதுவதற்கில்லை. ஆனால் இப்போது வள்ளக்காரர் சங்கத்துக் கொட்டகையிலே ஒரு நோட்டுப்புத்தகம் தொங்குகிறது. நாள், மணி, ஆழம், படகின் எண், போன வலை, வலைக்குரியவர், கண்டவர் என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறோம். அடைமொழிக்கென்று அதில் கட்டம் இல்லை. கட்டங்கள் நிரம்பட்டும். அடுத்த மனுவை எழுதும்போது 'அப்பட்டமாக' என்று ஒரே ஒருமுறை எழுதுவோம்.